நெஞ்சுக்கு மேலே தூக்கும்போது

இந்த வருடம் பாதுகாப்பு அலுவலராக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக என் அனுபவத்தில் ஒன்றை எழுதித் தரச் சொன்னார்கள். படிப்பவர்களுக்கு உற்சாகம் வருகிற மாதிரி இருக்கட்டும் என்று ஒரு வேண்டுகோளும் வைத்தார்கள். உற்சாகத்துக்கு நான் ஆள் இல்லை. அது வேண்டுமென்றால் உங்கள் கம்பெனி வாசலில் மாட்டியிருக்கும் பாதுகாப்பு வாசகத்தைத் தினமும் ஒரு தரம் படித்துக்கொள்ளுங்கள். அந்தப் பலகையை மாட்ட வருகிறவனே பெரும்பாலும் ஏணியின் கடைசிப் படியில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டுதான் மாட்டுகிறான்.

நான் ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. தீ, மின்சாரம், அமிலம் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. அவற்றைப் பற்றி உங்களுக்கு வகுப்பில் வேண்டிய மட்டும் சொல்லித் தந்திருப்பார்கள். ஒரு பொருளை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கச் சொல்கிறோம் என்பதைப் பற்றி யாரும் நின்று பேசியிருக்க மாட்டார்கள். எத்தனை கிலோ என்று கேட்பார்கள், குறித்துக்கொள்வார்கள், அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு இன்றுவரை மனதில் ஆறாமல் கிடப்பது அந்த விஷயம்தான். அதனால் அதையே எழுதுகிறேன்.

சூலூரைத் தாண்டி ஒரு பம்ப் கம்பெனி. பெயர் வேண்டாம். அங்கே நான் பாதுகாப்பு அலுவலர். மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவு முழுக்கப் பெண்கள். தயாரான பம்பைப் பெட்டியில் போட்டு லாரிக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவு முழுக்க ஆண்கள். டெஸ்பாட்சில் கூலி அதிகம். எங்களுக்கும் அந்த வேலையைக் கொடுங்கள் என்று வைண்டிங் பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அப்படிக் கேட்டவர்களில் முதல் ஆள் ஈஸ்வரி. முப்பது வயது தாண்டியிருக்கும். புருஷன் இருந்தான், ஆனால் கணக்கில் சேர்க்க முடியாது. மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் மேனேஜர் கெட்டவர் இல்லை. கோபப்படவே மாட்டார். எதைச் சொன்னாலும் வாயில் வெல்லம் வைத்துக்கொண்டு சொல்வது போல மரியாதையாகச் சொல்வார். "தூக்கிக் காட்டட்டுமுங்க மேடம். தூக்கிட்டாங்கன்னா ஆம்பளைக்கு என்ன கூலியோ அதே கூலி. அதுல என்னங்க இருக்குது?" என்றார். சோதனை இதுதான்: பேக் செய்த பம்பைத் தரையிலிருந்து தூக்கி மேஜைமேல் வைக்க வேண்டும். டெஸ்பாட்ச் ஆண்கள் வேடிக்கை பார்க்கச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஈஸ்வரி புடவைமேல் போட்டிருந்த கம்பெனிக் கோட்டின் பித்தானை மாட்டிக்கொண்டு வந்து, காலை அகட்டி வைத்து, ஒரே மூச்சில் தூக்கி மேஜையில் வைத்தாள். சத்தம்கூட வரவில்லை. சின்ன வயதில் கொடுமுடிப் பக்கம் தோப்பில் தேங்காய் மூட்டை தூக்கிப் பழகியவள். பின்னால் நின்ற ஆண்களில் ஒருவன், "இது நம்ம சோலியக் காலி பண்ணிப்போடுமாட்டிருக்குதுடா" என்றான். அன்றைக்கு ஏழெட்டுப் பெண்கள் அந்தச் சோதனையில் தேறினார்கள். மேனேஜரும் சொன்ன சொல் தவறவில்லை. கூலி ஏறியது.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு ஆர்டர் கூடியது, இடம் போதவில்லை. தரையில் அடுக்கியிருந்த பெட்டிகளை ஏற்றி வைக்க நான்கு தட்டு ரேக் வந்தது. மேல்தட்டை எல்லோரும் அட்டாலி என்றார்கள். வீட்டில் உபயோகப்படாத சாமானை ஏற்றி வைப்போமே, அந்த அட்டாலிதான். என் தலைக்கு மேலே இருந்தது. நான் குள்ளம். ஆனால் வைண்டிங்கிலிருந்து வந்த பெண்கள் பலரும் என்னைவிடப் பெரிய உயரம் இல்லை.

ரேக் வந்த சில வாரங்களிலேயே பெண்கள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தேன். தைல வாசனை டெஸ்பாட்ச் முழுக்க அடித்தது. நான் மேனேஜரிடம் போய், மேல்தட்டை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பெட்டியை மேலே ஏற்றித் தரும், கையால் தள்ளும் ஸ்டாக்கர் வண்டி ஒன்று வாங்குங்கள் என்றேன். அவர் டீயை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "மேடம், ஆம்பளைங்க யாரும் ஒண்ணும் சொல்லலீங்களே. பொம்பளைங்களால முடியலைன்னா நீங்க எழுதிக் குடுங்க. நான் அவங்களை மறுக்காவும் வைண்டிங்குக்கே அனுப்பிச்சுடறனுங்க. அவங்க உடம்பு நமக்கு முக்கியமில்லீங்களா?"

இந்தப் பேச்சு ஈஸ்வரிக்கு எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என் அறைக்கு வந்து கதவோரமாக நின்றாள்.

"ஏனுங்க மேடம், எங்களால முடியலைன்னு எழுதப் போறீங்களாமா?"

"உனக்குக் கழுத்து வலிக்கிறதா இல்லையா, அதைச் சொல்லு."

"வலிக்குதுங்க. அதுக்கென்னங்க பண்றது? ஊட்டுல கெடந்தாலும் வலிக்கத்தான் செய்யும். எழுதிப்போடாதீங்க மேடம். அந்தக் கூலியில தானுங்க புள்ளைய இங்கிலீசு பள்ளிக்கூடத்துல சேர்த்திருக்கறேன். மத்தவளுகளும் அப்படித்தானுங்க. திரும்ப அங்க போனம்னா அவ்வளவுதான்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இதே கதவோரத்தில் இதே போல ஒருத்தி வந்து நிற்பாள். அவளுக்கு அடிபடக்கூடாது என்பதற்காகத்தான் உங்களுக்குச் சம்பளம். அவளோ, என்னைக் காப்பாற்றாதே, காப்பாற்றினால் என் பிழைப்பு போய்விடும் என்கிறாள். பாடப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அவள் மேலும்தான்.

நான் செய்தது இது. ஆள் தூக்கும் பலத்தை அளக்க ஒரு வில்தராசு கடன் வாங்கி வந்தேன். ஒரு இரும்புத் தட்டில் சங்கிலி, சங்கிலியில் தராசு, அதன் மேல் பிடிப்பதற்கு ஒரு கம்பி. தட்டின்மேல் ஏறி நின்று கம்பியை மேல்நோக்கி இழுத்தால் முள் நகரும். சங்கிலியை நீட்டிச் சுருக்கிக் கம்பியை முழங்காலுக்கோ, இடுப்புக்கோ, நெஞ்சுக்கோ, தோளுக்கோ கொண்டுவரலாம். பெண்களை மட்டும் அளந்தால் மேனேஜர் சொன்னதைத்தான் நானும் சொன்னதாக ஆகிவிடும். அதனால் டெஸ்பாட்சில் இருந்த ஆண், பெண் எல்லோரையும் எல்லா உயரத்திலும் அளக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு டெஸ்பாட்சில் திருவிழாக் கூட்டம். கார்த்தி என்று ஒரு பையன், தினமும் ஜிம்முக்குப் போகிறவன், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதலில் வந்து நின்றான். தொடை உயரத்தில் கம்பியை இழுத்தான். முள் போன தூரத்தைப் பார்த்து எல்லோரும் கை தட்டினார்கள். நெஞ்சு உயரத்துக்குக் கம்பியை ஏற்றினேன். மூஞ்சி சிவக்க இழுத்தான். முள் பாதி வழிகூடப் போகவில்லை. கம்பியை உருட்டிப் பார்த்தான், சங்கிலியை உதைத்துப் பார்த்தான்.

"மேடம், இது ரிப்பேருங்க."

"தொடை உயரத்தில் இழுக்கும்போது ரிப்பேர் இல்லையா தம்பி?"

அடுத்து ஈஸ்வரி வந்தாள். தொடை உயரத்தில் அவள் இழுத்த இழுப்பில் ஸ்டோர் கிளார்க்கும் இன்னும் இரண்டு ஆண்களும் பின்தங்கினார்கள். பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். இடுப்புக்கு மேலே ஏற்ற ஏற்ற அந்தக் கூச்சல் குறைந்துகொண்டே வந்தது. நெஞ்சு உயரத்தில் அவள் இழுத்ததைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. தோள் உயரத்தில் முள் கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது. அவள் என்னைத்தான் பார்த்தாள், முள்ளைப் பார்க்கவில்லை.

நான் அன்று கண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குனிந்து தரையிலிருந்து எடுப்பதைவிடக் கை தொங்கும் உயரத்தில் எல்லோருக்கும் பலம் கூடுதல். அங்கே காலும் முதுகும் சேர்ந்து தூக்குகின்றன. இடுப்பைத் தாண்டியதும் கால் ஒதுங்கிக்கொள்கிறது, வேலை முழுக்கக் கைக்கும் தோளுக்கும் வந்துவிடுகிறது. ஆண்களுக்கும் பலம் சரிகிறது, பெண்களுக்கு இன்னும் செங்குத்தாகச் சரிகிறது. கீழே ஓரளவு பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள் மேலே போகப் போக விலகிவிடுகிறார்கள். ஆளுக்கு ஆள் மாறும்தான். ஈஸ்வரி எந்த உயரத்திலும் அந்த ஸ்டோர் கிளார்க்குக்குக் குறைந்தவள் இல்லை.

இன்னொன்றும் பார்த்தேன். கீழிருந்து நெஞ்சுவரை நாம் பொருளை இழுத்துத் தூக்குகிறோம். அதற்கு மேலே தள்ளித்தான் ஏற்ற முடியும். நடுவில் கையைத் திருப்பி உள்ளங்கையை அடியில் கொடுக்க வேண்டும். அந்தத் திருப்பம் நடப்பது நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவில், பலம் மிகவும் குறைவாக இருக்கும் இடத்தில். மேஜை வரைக்கும் தூக்கச் சொல்லி வைத்த சோதனை அந்த இடத்தைத் தொடவே இல்லை. ஆண்களுக்கும் சரி, பெண்களுக்கும் சரி, நாங்கள் ஒரு வேலைக்குப் பரீட்சை வைத்து இன்னொரு வேலையைக் கொடுத்திருந்தோம்.

மேனேஜரிடம், இது பொம்பளைங்க பிரச்சினை இல்லை, தட்டின் உயரத்தில் இருக்கிற பிரச்சினை, உங்கள் கார்த்திக்கும் இதே கதிதான் என்று சொன்னேன். வாக்குவாதம் நிறைய நடந்தது. கடைசியில் ஸ்டாக்கர் கிடைக்கவில்லை, ஒரு படிமேடை கிடைத்தது. இரும்புக் குழாயில் செய்த இரண்டு படி மேடை. ஒருவர் கீழே நின்று இடுப்பளவுக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும். மேடைமேல் நிற்பவர் வாங்கி, தன் இடுப்பு உயரத்தில் இருக்கும் அட்டாலியில் தள்ளிவிட வேண்டும். யாரும் தனியாக மேல்தட்டுக்குத் தூக்கக்கூடாது என்று விதி போட்டோம். பெண்கள் டெஸ்பாட்சிலேயே இருந்தார்கள். தைல வாசனை குறைந்தது. ஈஸ்வரி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சாப்டீங்களா மேடம்?" என்று கேட்பாள். என் வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பட்டம் அதுதான்.

ஆயுதபூஜை வந்தது. நம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் அதற்கு முந்தைய நாட்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தரை கழுவ வேண்டும், மெஷின் துடைக்க வேண்டும், துருப்பிடித்ததற்கெல்லாம் பெயின்ட் அடிக்க வேண்டும். விபத்தும் அந்த நாட்களில்தான் அதிகம். ஏனென்றால் அன்றைக்கு யாரும் தங்கள் வேலையைச் செய்வதில்லை. எல்லோரும் எல்லாவற்றையும் தூக்கி வேறு இடத்தில் வைத்துக்கொண்டிருப்பார்கள். இதை எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருடம் புதிதாக வந்த மாடலில் ஒரு பம்பைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றி, பூஜைக்கு முன்னால் வைப்பார்கள். அதற்குப் பெட்டி கிடையாது. வெறும் பம்பு. பொட்டு வைத்த பிறகு அது தரையில் இருக்கக்கூடாது, நாலு பேர் கால் படும். அதனால் வாசலைப் பார்த்த மாதிரி உயரமான இடத்தில் ஏற்றி வைப்பார்கள். முன்பெல்லாம் ஒரு இரும்பு பீரோவின் மேல் வைப்பார்கள், நான்கு ஆண்கள் சேர்ந்து கூச்சல் போட்டுக்கொண்டு தூக்குவார்கள். ரேக் வந்த பிறகு அட்டாலிதான் பொருத்தமான இடம் என்று ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் பூஜை. முதலாளி வீட்டார் ஆர்.எஸ்.புரத்திலிருந்து கிளம்பிவிட்டார்கள் என்று போன் வந்தது. மேனேஜர் பட்டு வேட்டியில் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தார். ஆண்களில் பாதிப் பேர் வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். படிமேடைக்கு அன்று காலையில்தான் மஞ்சள் பெயின்ட் அடித்து, காய்வதற்காக வெளியே வெயிலில் வைத்திருந்தார்கள். பொட்டு வைத்த பம்பு கீழே பலகைமேல் இருந்தது.

"அட, இதை இன்னும் மேலே ஏத்தலீங்களா?" என்று மேனேஜர் கேட்டார். அங்கே நின்ற ஆண்களைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். நல்ல நாள் சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எப்பவும் ஆம்பளைங்கதான் ஏத்தறாங்க. இந்த வருசம் சமக்கூலி வாங்கற நம்ம அம்மணிங்க ஏத்தட்டுமே!"

விளையாட்டாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஈஸ்வரி சிரிக்கவில்லை. நேரே வந்து பம்பைத் தூக்கிவிட்டாள்.

நான் கோலப் பொடி கேட்டு வந்து அப்போதுதான் பிரிவின் மறுமுனையில் நுழைந்திருந்தேன். நடுவில் கழுவிவிட்ட ஈரத் தரை. அவள் இடுப்புவரை சுலபமாகக் கொண்டுவந்ததைப் பார்த்தேன். நெஞ்சுக்குக் கொண்டுவந்ததையும் பார்த்தேன். அங்கே கையைத் திருப்ப வேண்டும். எண்ணெய் போட்டுத் துடைத்த பம்பு, பிடிக்க விளிம்பு இல்லை. ஒரு கை திரும்பிவிட்டது, இன்னொரு கை திரும்பவில்லை. பம்பு அவள் வலது தோள் பக்கமாகச் சாய்ந்தது.

"போட்டுரு ஈஸ்வரி! கீழே போட்டுட்டுப் பின்னால வா!" என்று கத்தினேன். என்னோடு சேர்ந்து இரண்டு மூன்று பேர் கத்தினார்கள். "உடு புள்ளே, உட்டுப்போடு!"

அவள் விடவில்லை. கண்ணுக்கு நேரே சந்தனப் பொட்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் கனத்தை ஒற்றைத் தோளில் தாங்கி நின்றாள். ஆண்கள் ஓடிவந்து வாங்குவதற்குள் உள்ளே ஏதோ அறுந்த சத்தம் கேட்டதாகப் பக்கத்தில் நின்ற பெண் பிறகு சொன்னாள். பம்பை வாங்கியவர்கள் அப்படியே அட்டாலியில் ஏற்றி வைத்தார்கள். ஈஸ்வரி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்டோவில் அவளைத் தூக்கி உட்காரவைக்கும்போது கேட்டேன், ஏண்டி விடவில்லை என்று. அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள்.

"பொட்டு வெச்சதைக் கீழ போடுவாங்களா மேடம்? நோம்பி நாளும் அதுவுமா? எம்பட கையால அது உழுந்திருந்தா வருசம் பூரா எம்பேரைச் சொல்லியே ஏசியிருப்பாங்கல்லங்க."

பூஜை குறித்த நேரத்தில் நடந்தது. முதலாளி வீட்டுச் சின்னப் பெண் அட்டாலியில் இருந்த பம்பைப் போனில் படம் எடுத்தாள். பம்பில் ஒரு கீறல் இல்லை. ஈஸ்வரியின் வலது கை அதற்குப் பிறகு நெஞ்சுக்கு மேலே எழும்பவே இல்லை.

விசாரணை அறிக்கை நான் எழுத வேண்டும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவருக்கும் இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

"மேடம், நான் என்னமோ விளையாட்டுக்குச் சொன்னனுங்க. இப்படி ஆகும்னு யாருங்க கண்டா? மேல ஆபீசுல காரணம் கேக்கறாங்க. ரெண்டுல ஒண்ணு எழுதுங்க. தனியாத் தூக்கக்கூடாதுங்கற விதியை அந்தப் பொண்ணு மீறிப்போடுச்சுன்னு எழுதுங்க. இல்லைன்னா பொம்பளைங்களுக்கு அந்த உயரத்துல பலம் பத்தாதுன்னு எழுதுங்க. நீங்களே அளந்து பாத்ததுதானுங்களே?"

முதலாவதை எழுதினால் ஈஸ்வரிக்கு வேலை போய்விடும். விதியை மீறியவளுக்கு உட்கார்ந்து செய்யும் வேலையெல்லாம் கம்பெனி தேடிக் கொடுக்காது. இரண்டாவதை எழுதினால் டெஸ்பாட்சில் இருக்கும் மற்ற பெண்கள் எல்லோரும் பழைய கூலிக்குப் போய்விடுவார்கள்.

ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து இடது கைக்கு ஸ்பூன் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஈஸ்வரி மகளை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னாள்.

"நான் விதியை மீறுனேன்னே எழுதிப்போடுங்க மேடம். எனக்கு எப்படியும் கை போச்சுங்க. அவளுகளாச்சும் அங்க இருக்கட்டும்."

"நீ மீறவில்லையே. மேடை வெளியே காய்ந்துகொண்டிருந்தது. ஏற்றச் சொன்னது யார் என்று எல்லோருக்கும் தெரியும்."

"அதையெல்லாம் எழுதி என்னங்க ஆகப்போவுது? எந் தப்புன்னு எழுதுனீங்கன்னா என்னோட போயிரும். பொம்பளைங்களால முடியாதுங்கற பேச்சு வந்துச்சுன்னா அத்தனை பேருக்கும் போயிருமுங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தாரனுங்க, எடது கையில."

அவள் அழவில்லை. நான்தான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். பிறகு வீட்டுக்குப் போய் நடந்ததை நடந்தபடி எழுதினேன். மேடையை வெளியே வைத்தது, தட்டின் உயரம், மேனேஜரின் பேச்சு, பொட்டு வைத்த பொருளை யாரும் கீழே போட மாட்டார்கள் என்று தெரிந்தும் அதைத் தனியாளிடம் விட்டது, அந்த உயரத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பலம் சரியும் விதம், தட்டைத் தோளுக்குக் கீழே இறக்க வேண்டும் என்பது, எல்லாவற்றையும். அவள்மேல் பொய்யாக ஒரு தப்பை எழுத என் கை வரவில்லை. இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன்.

மேல் ஆபீசில் என் அறிக்கையைப் பாராட்டினார்கள். ரொம்ப விவரமாக இருக்கிறது என்றார்கள். அதிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வரி, அந்த உயரத்தில் பெண்களுக்குப் பலம் இன்னும் அதிகமாகச் சரிகிறது என்பது. உத்தரவு இப்படி வந்தது: தட்டை இறக்கும்வரை, பெண் தொழிலாளர்களின் பாதுகாப்பை முன்னிட்டு, அவர்கள் வைண்டிங் பிரிவுக்கு மாற்றப்படுகிறார்கள். கூலி அந்தப் பிரிவுக்கு உரியது. மேனேஜர் அந்த உத்தரவை என்னிடம் படித்துக் காட்டிவிட்டு, "நானா சொல்லலீங்க மேடம், நீங்க எழுதுனதுதானுங்க" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

தட்டை இறக்கவில்லை. நான் அங்கே இருந்தவரை கேட்டுக்கொண்டே இருந்தேன். கார்த்தியும் ஒரு நாள் தோளில் பட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். ஜிம்மில் சுளுக்கியது என்று சொன்னான். ஆண்களை யாரும் எங்கேயும் மாற்றவில்லை. அவர்களும் வலிக்கிறது என்று வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டார்கள் அல்லவா?

ஈஸ்வரிக்கு என் அறிக்கையால் வேலை மிஞ்சியது. ஸ்டோரில் நட்டுகளைப் பிரித்துப் போடும் வேலை, உட்கார்ந்தபடி. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. உன்னால்தான் எங்கள் கூலி போயிற்று என்று ஒருத்தியாவது தினம் சொல்லாமல் இருக்க மாட்டாள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நின்றுவிட்டாள்.

போன மாதம் சூலூரிலிருந்து காந்திபுரம் போகும் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். எனக்கு இடம் கிடைத்திருந்தது. என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் மட்டும் இடது கையால் சீட்டின் முதுகைப் பிடித்து, பஸ் குலுங்கும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்மேல் சாய்ந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் எழுந்து, உட்கார் ஈஸ்வரி என்றேன்.

"வேண்டாமுங்க மேடம். நீங்க உக்காருங்க. நான் நின்னுக்கறனுங்க."

எங்கே வேலை என்று கேட்டேன். ஒரு நூல் மில்லில் கூட்டிப் பெருக்குகிறாளாம். மகள் இப்போது என்ன படிக்கிறாள் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தோடு நிறுத்தியாகிவிட்டது, அவளும் வைண்டிங்குக்குத்தான் போகிறாள் என்றாள். அதே கம்பெனியா என்று நான் கேட்கவில்லை. பிறகு அவள்தான் கேட்டாள். குரலில் கோபம் இல்லை, சண்டைக்கு வரவில்லை. ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்கிற மாதிரி மரியாதையாகக் கேட்டாள்.

"ஏனுங்க மேடம், நான் சொன்னாப்பல எந் தப்புன்னே எழுதியிருந்தீங்கன்னா, அவளுகளாச்சும் பொழைச்சிருப்பாளுகல்லங்க?"

நான் எழுதியது உண்மை என்று சொல்லியிருக்கலாம். அது அவளுக்கும் தெரியும். அவள் இறங்கும் இடம் வந்தது. "வாரனுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்குள் வலது தோளை ஒடுக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தாள். படிக்கட்டில் கைப்பிடி வலது பக்கம் இருந்தது. அதைப் பிடிக்கமுடியாமல் அவள் உடம்பைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்க, சீக்கிரம் இறங்கும்மா என்று கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார்.